கையெழுத்து விழாத லேபிள்

“இந்த லேபிளுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், சார்,” என்றாள் தரப் பரிசோதகி.

லேகியக் கம்பெனி முதலாளிக்குச் சுருக்கென்றது. வாசலில் லாரி காத்து நிற்கிறது. “என்னம்மா குறை? நெல்லிக்காய் முதல் தரம், நெய் சுத்தமான நெய்.”

“லேகியத்துல குறையே இல்ல சார். பசி எடுக்கும், உடம்புக்குத் தெம்பு தரும். ஆனா ‘ஆஸ்துமாவை அடியோடு குணமாக்கும்’னு போட்டிருக்கீங்க. அதை நம்பி ஒருத்தர் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுட்டா?”

“எல்லாக் கம்பெனிக்காரனும் போடுறான்.”

“போடட்டும். சர்க்கரை நோயாளிங்க டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிடணும்னும் நாம சேர்த்துடணும்.”

முதலாளி வெளியே வந்தார். மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்து காதைக் கடித்தார். “சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல. என்ன வாய் பாருங்க சார். இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாமா?”

“லாரியைத் திருப்பி அனுப்புங்க. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே புது லேபிள் அடிக்கச் சொல்லுங்க.”

மேனேஜர் விழித்துக்கொண்டே போனார். முதலாளி தன் மனைவிக்குப் போன் செய்தார்.

“நம்ம பொண்ணுன்னு இங்க யாருக்கும் சொல்லாமத்தானே வேலைக்குச் சேர்த்தேன்? இன்னிக்கு என்னையே மடக்கிட்டா. இனி கம்பெனியைத் தைரியமா அவ கையில கொடுக்கலாம்.”