கால் நீளமான கெப்பாசிட்டர்

தீபன் தன் கெப்பாசிட்டர்களை மேசைமேல் வைத்தான். பஞ்சில் சுற்றி மிட்டாய் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பெண் பார்க்கப் போகிறவன்கூடத் தட்டை அவ்வளவு பக்குவமாகத் தூக்கிப்போக மாட்டான்.

"இதைப் போடுங்கக்கா. பழைய ரேடியோவுல கழட்டுனது. கப்பல்ல வந்த சாமான்."

புனிதவதி நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஈஜோக் ஊரில், செம்பனை மரங்களை ஒட்டிய அவள் வீட்டுப் பின்னறையில், கவிழ்த்து வைத்திருந்த வால்வு எம்ப்ளிஃபையரின் வயிற்றுக்குள் மீட்டர் கம்பியை விட்டு அளந்துகொண்டிருந்தாள். அவன் கித்தாருக்கென்று அவள் கட்டியது. இத்தனை நாளும் பேச்செல்லாம் போனில்தான். ஆளை நேரில் பார்ப்பது இன்றுதான்.

வலது கை மட்டும் உள்ளே. இடது கை முதுகுக்குப் பின்னால்.

அதைப் பார்த்ததுமே தீபனுக்கு மரியாதை வந்துவிட்டது. சுவிட்சை அணைத்தாலும் கெப்பாசிட்டருக்குள் கரண்டு மிச்சம் நிற்கும். இரண்டு கையையும் விட்டால் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். வீடியோவில் பார்த்திருக்கிறான். அந்த வீடியோக்காரர்களே அவ்வப்போது மறந்துபோய் இரண்டாவது கையை நீட்டிவிடுவார்கள். இந்த அக்கா ஒருமுறைகூட மறக்கவில்லை.

"என்னோடதைப் போட்டுட்டேன் தம்பி. முதல்ல வாசிச்சுப் பாருங்க லா."

அவள் போட்டிருந்தவை சாதாரண மஞ்சள் கெப்பாசிட்டர்கள். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குச் சத்தத்தை மட்டும் விட்டு, பெரிய வோல்ட்டை வாசலிலேயே நிறுத்திவைப்பது அவற்றின் வேலை. அவனுடையவையும் அதே அளவு, அதே வோல்ட்டைத் தாங்குபவைதான். ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று கித்தார்காரர்களிடம் போய்ச் சொல்லிவிட முடியுமா? எண்ணெயில் ஊறியதற்கு ஒரு குரல், பழையதற்கு ஒரு குரல் என்று இணையத்தில் அடித்துக்கொள்வார்கள். தீபனும் அடித்துக்கொண்டவன்தான்.

அவனுக்குக் காரணம் இருந்தது. கோலா சிலாங்கூரில் ஒரு கல்யாண விருந்தில் அவன் வாசித்துக்கொண்டிருந்தபோது, பாடியவரே அவன் கித்தாரைக் காட்டி மைக்கில், "அந்தத் தகர டப்பாவைக் கொஞ்சம் குறைங்கப்பா" என்று சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. பகலெல்லாம் ஐஸ் லோரி ஓட்டிவிட்டுப் பொழுது சாய்ந்தால் கித்தாரைப் பிடிக்கிற மனிதனுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. இந்த எம்ப்பும் சரிப்படாவிட்டால் கித்தாரையே தலைமுழுகிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தான்.

கொண்டுவந்திருந்த கித்தாரில் வயரைச் செருகினான். கம்பிகளை ஒருமுறை மீட்டினான்.

அறை நிறைந்தது. தகரம் எங்கேயும் இல்லை. மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசியது, ஓங்கி அடித்தால் உறுமியது, கையை எடுத்த பிறகும் நின்று நிதானமாக அடங்கியது. இன்னொரு முறை மீட்டிப் பார்த்தான். தன் டப்பாவில் இருப்பது டப்பாவிலேயே கிடக்கட்டும் என்று அந்த நிமிடமே மனம் சொல்லிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன், கேட்டு வைப்போமே என்று கேட்டான்.

"இந்தக் கெப்பாசிட்டர்ல அப்படி என்னக்கா விசேஷம்?"

"காலு நீளம்."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தான்.

அவள் சுவிட்சை அணைத்து, உள்ளே நின்ற கரண்டை இறக்கிவிட்டாள். பிறகு இடது கையை முன்னால் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

அது மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"ரவாங் ஃபேக்டரில வேலை செஞ்சப்ப பிரஸ் மெஷின்ல போச்சு," என்றாள், கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல. "என்னோடது ரெண்டு பக்கமும் நீளக் கம்பி, அதான் காலு. வளைச்சு மாட்டுனா தானா நிக்கும். சோல்டர் ஈயக் கம்பியைச் சுத்திட்டுச் சூடு வச்சா முடிஞ்சுது. உங்களோடது காலை வெட்டுன சாமான். யாராச்சும் பிடிச்சுக்கணும். எனக்கு ஒரு கை குறையுது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தீபனுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க தம்பி. 'உங்க இஷ்டம்போலவே இருக்கட்டும்கா.' இந்தக் கையைப் பார்த்ததும் எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. அப்புறம் சத்தத்தைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்கிறதில்லை."

அதுவரை கணீரென்று இருந்த குரல் கடைசி வாக்கியத்தில் மட்டும் இறங்கியது.

நாக்கு நுனியில் நின்ற அதே சொல்லைத் தீபன் விழுங்கினான். அவள் கையைப் பார்த்து மனம் மாறியவன் இல்லை அவன். காதால் கேட்டு மாறியவன். ஆனால் அதை இப்போது சொன்னால் இவள் ஆயுசுக்கும் நம்பப்போவதில்லை.

டப்பாவைத் திறந்து பஞ்சை விலக்கினான்.

"நல்லாதான் இருக்கு. ஆனா எனக்கு என்னோடதுதான் வேணும்கா. நான் பிடிச்சுக்கிறேன், நீங்க போடுங்க."

புனிதவதி அவனை உற்றுப் பார்த்தாள். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"காதா இல்ல கஞ்சிச் சட்டியா உங்களுக்கு?" என்றபடி சோல்டர் வைக்கும் சூட்டுக்கோலை எடுத்தாள். "வாங்க இப்படி. கை ஆடுச்சு, சுட்டுப்புடுவேன்!"

அவன் பிடித்தான். கை ஆடத்தான் செய்தது.