சாவி இல்லாத சட்டைப்பை

பேருந்து எங்களை இறக்கிவிட்டுப் போனதும், என் வீட்டுக்காரரின் கை சட்டைப்பையில் கார் சாவியைத் தேடியது.

சாவி இல்லை. பாவம், வாழ்நாளெல்லாம் வாடகைக் கார் ஓட்டிய கை. அதற்கு என்ன தெரியும்?

கார் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்தான். கல்யாண நாளாச்சே, எடுத்துக்கொண்டு போ என்று முதலாளியே கொடுத்தும் திருப்பி அனுப்பிவிட்டேன். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

இந்தக் கடற்கரை அவருக்குப் புதிதில்லை. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மாதம் தவறாமல் வருவார். வந்ததும் எனக்கு போன் போடுவார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மணல் மாவு மாதிரி இருக்கிறது, பாறை மேல் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருக்கிறேன் என்பார். அடுப்பில் பால் பொங்கி வழிவது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தப் பாறையில் நானும் உட்கார வேண்டும் என்று போன வாரம் கேட்டேன். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தெரு முழுக்க வெயில் கண்ணயர்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக விடுதிகள். சாலையின் பாதிவரை மணல் ஏறியிருந்தது. வாடகைச் சைக்கிளில் ஒரு ஜோடி சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். எங்கும் போய்ச்சேர அவசரமில்லாத நடை. பாதித் தூக்கத்தில் நடப்பது போலச் சுகமாக இருந்தது.

அவர் என்னைப் பெரிய வாசல்கள் வழியாகக் கூட்டிப்போகவில்லை. சந்து சந்தாக, விடுதிகளின் முதுகுப்புறமாகவே நடத்தினார்.

அங்கே அவர்தான் ராஜா. காவலாளிகள் எல்லாம் கை தூக்கினார்கள். "என்னண்ணே, வண்டி எங்க?" என்று ஒருவன் கேட்டதற்கு, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி சிரித்தார். எந்த மரத்தடியில் மாலைவரை நிழல் நிற்கும், எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும், எந்தச் சமையல்காரர் டிரைவர்களுக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பார், எல்லாம் விரல் நுனியில் இருந்தது.

சலவைக் கொடிகளில் வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து நுழைந்து நடந்தோம். ஒரு கணம் தெரிவார், மறுகணம் மறைந்துவிடுவார். எனக்குச் சிரிப்பாக வந்தது. கொஞ்சம் அழுகையாகவும் வந்தது.

கடல் மட்டும் வந்தபாடில்லை.

கடைசியில் ஒரு கார் நிறுத்தத்தில், வேப்பமர நிழலில் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பாறை இந்தப் பக்கம்தான் இருந்துச்சு. இப்ப எல்லாத்தையும் மாத்திட்டாங்க போல" என்றார்.

"ஆமாங்க, இப்பல்லாம் எதைத்தான் விட்டுவைக்கிறாங்க" என்றேன் நான்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அலை இரைச்சல் வந்த திசையில் நானே நடத்திப் போனேன். குறுக்கே தொங்கிய கடைசி விரிப்பை விலக்கியதும் சட்டென்று தரை முடிந்து கடல் நின்றது.

பாறை கீறை ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை மணல். அதற்கு அப்பால் இளநீல வெளிச்சம், எது தண்ணீர் எது வானம் என்று சொல்ல முடியாதபடி.

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் நான் பக்கத்தில் இருப்பது நினைவு வந்தது.

"நான் சொன்ன மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டார்.

"அப்படியே இருக்கு."

பழக்கதோஷத்தில் ஒருமுறை கார் நிறுத்தத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் வண்டி எதுவும் இல்லை. தோள்கள் மெல்ல இறங்கின.

"நீங்க போய்த் தண்ணில நில்லுங்க. நின்னுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க" என்றேன்.

பக்கத்தில் இருக்கிறவளுக்கு எதற்குப் போன் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுப் போனார். முதல் அலை காலைத் தொட்டதும் கூசிப் பின்வாங்கினார். அப்புறம் உள்ளே போனார். நான் தென்னை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றேன், எப்போதும் கேட்பது போல.

"கடல்ல நிக்கிறேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். இத்தனை வருடமும் அவர் கடலைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், அந்தக் குரலுக்குப் பின்னால் சாய்த்துவிட்ட கார் சீட் கிறீச்சிடும். யாரோ கதவை அறைந்து சாத்துவார்கள். ஒரு மழை நாளில், பாறைமேல் உட்கார்ந்திருந்தவருக்குப் பின்னால் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. பயணிகளின் சாமான் உள்ளே இருக்கும்போது டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. இன்று கார் வந்திருந்தாலும் அதன் பக்கத்திலேயேதான் நின்றிருப்பார்.

"ஏங்க" என்றேன். "இன்னைக்குத்தாங்க போன்ல அலைச் சத்தம் கேக்குது."

அலை மட்டும் வந்து வந்து போனது.

தூரத்தில், முழங்கால் தண்ணீரில், அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். போனை வைக்கவில்லை.

நானும் வைக்கவில்லை. காதில் அலையோடு எழுந்து அவரிடம் நடந்தேன்.