படையல் வறுவல்

“யாருக்குச் சமையல்?” என்று அடுப்பு வழக்கம்போலக் கேட்டது.

“செத்துப்போன என் வீட்டுக்காரருக்கு. இன்னைக்குத் திவசம்” என்றாள் செண்பகம்.

“இறந்தவருக்கு மாவுச்சத்துக் கட்டுப்பாடு இல்லை” என்று சொல்லிப் பற்றிக்கொண்டது. உயிரோடு இருக்கிற யாருக்கும் எந்த வீட்டு அடுப்பும் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தராது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றுகூட அவர் உருளை வறுவல்தான் கேட்டார். அவளும் நூக்கலைச் சதுரமாக நறுக்கி, மிளகாய்ப்பொடியைத் தூக்கலாகப் போட்டு ஏமாற்றப் பார்த்தாள். ஒரு வாய் மென்றவர் தட்டைத் தள்ளிவிட்டார். இன்றைக்காவது அவருக்கு வயிறார வைத்துவிட வேண்டும்.

மணம் எழும்பியதும் நாத்தனார் ஆவுடை அடுக்களைக்குள் வந்தாள்.

“எங்கண்ணன் இருந்தப்ப இத ஒரு நாள் பண்ணிக் குடுத்தியளா மதினி?”

“ஒங்கண்ணன் படுத்துக் கெடந்தப்ப நீ ஒரு நாள் எட்டிப் பாத்தியா?”

“சரி, விடுங்க. காக்காவுக்கு ஒரு துண்டு போதும், மிச்சத்த நாம சாப்பிடுவோம். வாராவாரம் அண்ணன் பேரச் சொல்லியே பண்ணலாம்லா? அடுப்புக்கு என்ன தெரியப்போவுது?”

செண்பகம் சட்டியோடு மொட்டைமாடிக்கு ஏறி, வறுவல் முழுவதையும் கைப்பிடிச்சுவரில் கொட்டினாள். காக்கைகள் கூட்டமாக இறங்கின.

“அய்யய்யோ, அவ்வளவையுமா!” என்று பின்னாலேயே ஓடிவந்த ஆவுடை பதறினாள்.

“ஒனக்கு வேணும்னா ஒன் வீட்டு அடுப்புல பண்ணிக்கோ. அதுக்கு மொதல்ல ஒன் வீட்டுல ஒரு ஆளு சாவணும்.”