சாதவாகனா வந்தாச்சு

"சாதவாகனா எக்ஸ்பிரஸ் போகுது, சாதவாகனா!"

ஷோபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நாச்சாரத்திலிருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்த சுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டிய புருஷன் வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கிறான். இவளுக்கு ரயில் வேடிக்கை!

சற்றுமுன்தான் கிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னான்: "நக்கோ அக்கா, வேணாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலை. போதும்."

சுமதி அழுதாள், கெஞ்சினாள், குலசாமியைக்கூட இழுத்தாள். அவன் திரும்பவேயில்லை.

"இல்ல, கோல்கொண்டாவோ?" ஷோபா விடுவதாக இல்லை.

"கூட்ஸ்" என்றது சுவர்ப் பக்கம்.

"போங்க. இவ்ளோ வேகமாப் போகுது, கூட்ஸாம்."

கிரி எழுந்து உட்கார்ந்தே விட்டான்.

"பதினெட்டு வருஷம் ரயில் ஓட்டினவன்கிட்டப் பேசறே. காலி டேங்கர் அது. தடக் தடக்னு அடிக்குதே, காது இல்லையா?"

"எனக்கென்னவோ சாதவாகனாதான்."

"அது வர இன்னும் இருபது நிமிஷம் இருக்குடி."

அந்த இருபது நிமிஷமும் மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸே அதிர்ந்தது. லோக்கல் ரயிலை அவள் கோல்கொண்டா என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஹாரன் மாதிரி ஊதிக் காட்டினான். நிஜ சாதவாகனா கடந்தபோது ஜன்னலுக்கே வந்து கைதட்டினான்.

"அக்கா, ரஹீம் பாயைக் காலைல சீக்கிரமா ஆட்டோ கொண்டுவரச் சொல்லு. டயாலிசிஸ் முடிச்சு நாலு மணிக்குள்ள திரும்பணும். இந்த மக்குக்கு ஒரு வண்டியாவது கத்துக்கொடுக்கணும்."

சுமதிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சமையலறையில் ஷோபாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருக்கே, கூட்ஸ் வண்டி தெரியலை. சீக்காளியை இப்படியா கத்தவிடுவே? வெட்கமா இல்லை?"

"இனிமே பார்த்துக்கறேன் அண்ணி" என்று ஷோபா காபி டம்ளரோடு கிரியிடம் போய்விட்டாள்.

சுமதி சர்க்கரை டப்பாவை இழுத்தாள். பின்னாலிருந்து ஒரு நோட்டு விழுந்தது. ஷோபாவின் கையெழுத்து. எந்த வண்டி எத்தனை மணிக்கு, எதற்கு என்ன சத்தம், எல்லாம் பிசகாமல் இருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் இன்னொரு வரிசை.

கடைசி வரியில் இன்றைய தேதி.

'காலி டேங்கர் (தடக் தடக்) வந்தால், சாதவாகனா என்று அடம்பிடிக்கணும். நாளைக்கு டயாலிசிஸ்.'