பதினான்காவது சோதனை

"பைக்குள்ள எத்தனை ஊசி?"

"நாற்பது சார். பொண்ணுக்குச் சர்க்கரை நோய். இன்சுலினை ஐஸ்ல வச்சிருக்கேன். டாக்டர் கடிதம் மூணு நகல் இருக்கு."

"ரெண்டு நாளைக்கு நாற்பதா?"

"விமானம் வழியில நின்னுட்டா?"

"நடுவானத்துலயா?" அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா அவசரமாக டாக்டர் கடிதத்தை எடுத்து நீட்டினாள். இங்கே கோட்டை விட்டால் பயணமே கிடையாது.

அதிகாரி பையிலிருந்த பழச்சாறு பாக்கெட்டை எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி உறிஞ்சத் தொடங்கினார்.

"ஐயையோ, அது என் பொண்ணுக்கு வச்சது சார்!"

"சுகர் இறங்குதும்மா" என்றபடி, அப்பாவின் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து இறங்கினாள் எட்டு வயது அதிகாரி. "பதினாலு தடவை ஒத்திகை பார்த்தாச்சு. எல்லாத்துலயும் நீ பாஸ். இன்னைக்காவது டிக்கெட் போடும்மா, ப்ளீஸ்."