தீக்குச்சிக்குப் பதவி இல்லை

"இந்தத் தடவையும் பையனுக்குப் பதவி உயர்வு இல்லையாமே சார்? நிஜந்தானா?"

நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். மேஜருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. எதிரியின் குண்டுக்குக்கூடக் குனிந்து தப்பிவிடலாம். பெற்ற தகப்பனின் பார்வைக்கு எங்கே குனிவது?

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அவன்தான் போன்ல கத்தினான். விடிஞ்சதும் நானும் மருமகளும் பஸ் ஏறிட்டோம். உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடலாம்னு."

மேஜர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முகாம் வாசல் பெஞ்சில், குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்களையும் உள்ளே கூட்டிட்டு வந்திருக்கலாமே. இருங்க, அவனையும் வரச் சொல்றேன். மைதானத்துலதான் இருக்கான்."

"ஐயோ, வேண்டாம் சார்!" பெரியவர் பதறினார். "நாங்க வந்தது அவனுக்குத் தெரியவே கூடாது."

ரோஷக்காரப் பிள்ளை. தனக்காக அப்பா போய்க் கெஞ்சினார் என்று தெரிந்தால் தாம்தூமென்று குதிப்பான். மேஜர் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

டீ வந்தது. விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இன்னும் தச்சு வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டு வைத்தார்.

"வெளி வேலையெல்லாம் விட்டுட்டேன் சார். எங்க வீட்டுக் கதவுகளைச் சரி பண்ணவே நேரம் சரியா இருக்கு."

மேஜர் வாய்விட்டுச் சிரித்தார். பெரியவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

முகாமில் அவர் மகனுக்குத் தீக்குச்சி என்று பெயர். ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வான். அவனைப் போல ஒரு வீரனை மேஜர் இத்தனை வருஷ சர்வீஸில் கண்டதில்லை. மலைச் சண்டையில் காலில் குண்டு பாய்ந்து கிடந்த அவரை முதுகில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுட்டபடியே சரிவில் இறங்கி வந்தவன்.

அவன் சுமந்து வந்த உயிர்தான் இன்றைக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவனுக்குப் பதவி கிடையாது என்கிறது. நினைத்தால் மேஜருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. போதாததற்கு மேலிடமும், இத்தனை பதக்கம் வாங்கியவனுக்கு ஏன் தரவில்லை என்று குடைந்துகொண்டே இருந்தது.

"மறைக்காம சொல்றேன் பெரியவரே. சண்டையில அவனுக்கு ஈடு கிடையாது. ஆனா சண்டை முடிஞ்சுபோச்சுங்கறது அவனுக்கு உறைக்க மாட்டேங்குது. போன மாசம், காவல் மாத்தறதுக்காகப் பக்கத்துக் கட்டில்காரன் அவன் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கான். அவ்வளவுதான். தாடையைப் பேத்துட்டான். அப்புறம் இவனே ஆஸ்பத்திரியில போய் உட்கார்ந்து, அழுதுக்கிட்டே அவனுக்குக் கஞ்சி ஊட்டறான்!"

"ஆமா சார். அப்புறம் அழுவான்," என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி.

"டாக்டர்கிட்ட அனுப்பினா, 'எனக்கென்ன பைத்தியமா'ன்னு பாதியில எழுந்து வந்துடறான். இவன் கையில இருபது பேரை நான் எப்படி ஒப்படைப்பேன், சொல்லுங்க? இங்கேன்னா என் கண்ணு முன்னாடி இருக்கான். மீறிப் போனா பிடிச்சு நிறுத்தச் சுத்தி ஆள் இருக்கு."

"அப்போ இனிமேலும் இங்கேயேதான் இருப்பானா சார்?" பெரியவர் முன்னால் சாய்ந்து கேட்டார். "பதவி கிடைச்சதும் ஊர்ப் பக்கமே மாத்தல் வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

மேஜர் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து உருட்டினார்.

"பரவாயில்லை சார். நீங்க ஒரு முடிவு எடுத்தா லேசுல மாத்த மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

குத்திக் காட்டுகிறார் என்றே மேஜருக்குப் பட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. இந்த மனுஷனோ கையைப் பிசைந்துகொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் அந்தப் பெண் இப்போது தலையை நிமிர்த்தி, கண் கொட்டாமல் இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறையின் நாலு சுவர்களும் நெருங்கி வருவதுபோல் இருந்தது மேஜருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இல்லை.

சட்டென்று ஒரு வழி தட்டுப்பட்டது. இவ்வளவு நாளாக இது ஏன் தோன்றவில்லை? மேஜர் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பெரியவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

"கவலையை விடுங்க! உங்க ஊர்ல நம்ம பயிற்சிப் பள்ளி இருக்கு இல்லையா? துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பதவி உயர்வோட அங்கேயே போட்டுடறேன். சண்டை கிடையாது, காவல் கிடையாது, அவனுக்குக் கீழே ஆளும் கிடையாது. காலையில போனா சாயங்காலம் வீடு. தினமும் பொண்டாட்டி பிள்ளையோட இருக்கலாம்!"

சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஒருவழியாக உயிர்க்கடன் தீர்கிறது. பேனாவைத் திறந்தார்.

டீ கிளாஸ் கவிழ்ந்து உருண்டது. எழுந்த வேகத்தில், உளி பிடித்துக் காய்த்துப்போன கையால் பெரியவர் மேஜரின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"வேண்டாம் சார்! அவனை வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க!"