உப்புக்கு ஒரு நடை

“காலை வெட்டப் போறீங்கன்னா எம் மருமகளையும் உள்ள கூப்பிடுங்க டாக்டரம்மா. அவ பண்ணின வேலையை அவளே பாக்கட்டும்!”

பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பொரிந்து தள்ளினார் தம்பையா. 1998இல் மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வலது காலில் இரத்தக்குழாய் அடைத்து, பெருவிரலில் புண். மூன்று மாதத்தில் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இன்று அந்தத் தவணை.

“அப்பிடி என்ன செய்தவ ஐயா?” என்றபடி டாக்டர் கேசினி அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“காலையில ‘உப்பு முடிஞ்சிருச்சு’ம்பா. நொண்டிக்கிட்டே கடைக்குப் போயி வருவேன். வந்து உக்காந்தா, ‘நெருப்புப் பெட்டியை மறந்துட்டேன் மாமா’ம்பா. மறுபடி போவணும். மகன் கொழும்புல. கேக்க நாதியில்ல. என்னையக் கொல்லத்தான் பாக்குறா!”

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கட்டைப் பிரித்தார், விரலை அழுத்திப் பார்த்தார், சிரித்தார்.

“கால் சூடாக் கிடக்கு. புண்ணும் காய்ஞ்சிட்டுது. வெட்டத் தேவையில்லை ஐயா.”

“நெசமாவா? கதிர்காமத்தானே!” போன உயிர் திரும்பி வந்தது தம்பையாவுக்கு. “குழாய்தான் அடைச்சுப் போச்சுன்னீங்களே?”

“ஓம். இரத்தத்தை உறைய வைக்கிற புரதம் ஒண்டு வலை மாதிரிப் பின்னி அடைச்சது. பிறகு அந்த வலையையே பிடிச்சுக்கொண்டு புதுசாச் சின்னச் சின்னக் குழாய்கள் வளரும். நடக்க நடக்கப் பக்கத்துக் குழாய்களும் பெருக்கும்.”

“அடைச்சதே வழியும் விட்டுச்சா!”

“அதுக்குத்தான் முதல் நாளே உங்களை நடக்கச் சொன்னனான். கால் போனாலும் நடக்க மாட்டன் எண்டு நிண்டீங்கள்.”

“நோவுற காலோட எவன் நடப்பான்? இனிமே கடைக்கு அனுப்ப வேணாம்னு நீங்களே அவகிட்டச் சொல்லுங்க.”

டாக்டர் கதவைத் திறந்து தனலெட்சுமியை அழைத்தார். “கால் தப்பீட்டுது தங்கச்சி.”

கையெடுத்துக் கும்பிட்டாள் மருமகள். அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்:

“நீங்க சொன்னபடியே தெனமும் மறந்து மறந்து, என் டிரங்குப் பொட்டியில உப்பு வைக்க எடமில்லீங்க டாக்டரம்மா. இனிமே எதை மறக்கட்டும்?”